தின்னிமாடன்: ஓட்டை போடும் ஒரு புழு எங்கள் திண்ணையில் ஐந்து மாதம் தங்கிய கதை

புளியங்குடியிலிருந்து மேற்கே, மலையைப் பார்த்துப் போனால் எலுமிச்சைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கூடுவார்கள். ஒரு நாள் 9 பேர், ஒரு நாள் 14 பேர். பாதிப் பேர் பால்வாடிக்குப் போகிறவர்கள், மற்றவர்கள் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். அம்மாக்கள் பீடித் தட்டோடு எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் படம் காட்டிக் கதை வாசிப்பேன். ஆடிச் சாரலில் தொடங்கிக் கார்த்திகை வரைக்கும் ஒரே புத்தகத்தைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வேறு புத்தகம் எடுத்தால், "எக்கா, மொதல்ல அத வாசிங்க. பொறவு இத வாசிப்போம்" என்பார்கள்.

அந்தப் புத்தகம் எரிக் கார்ல் எழுதி வரைந்த 'தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்'. 1969இல் அமெரிக்காவில் வெளியானது. 60க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கிறது, 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஆங்கில மூலத்தில் மொத்தம் 224 சொற்கள்தான். முட்டையிலிருந்து ஒரு பச்சைப் புழு வருகிறது. திங்கள் ஓர் ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம்ஸ், வியாழன் நான்கு ஸ்ட்ராபெர்ரி, வெள்ளி ஐந்து ஆரஞ்சு என்று தின்றுகொண்டே போகிறது. தின்ற ஒவ்வொரு பழத்திலும் தாளில் நிஜமாகவே ஓர் ஓட்டை இருக்கும். சனிக்கிழமை பத்துப் பண்டங்களைத் தின்று வயிற்றுவலி வந்து படுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பச்சை இலையைத் தின்று தேறுகிறது. பிறகு கூடு கட்டி, வண்ணத்துப்பூச்சியாக வெளியே வருகிறது.

எங்கள் பிள்ளைகள் பேரிக்காயைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. பிளம்ஸ் தெரியாது, சனிக்கிழமைப் பண்டங்களில் வருகிற சலாமி என்ற பதப்படுத்திய இறைச்சியும் பாலாடைக்கட்டியும் தெரியாது. அப்படியிருந்தும் இந்தப் புழு ஏன் அவர்களை விடவில்லை என்பதுதான் நான் குறிப்பேடு போட்டு எழுதிவைக்கத் தொடங்கிய கேள்வி. பார்த்தது ஒரே ஒரு திண்ணைதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து மாதம் விடாமல் பார்த்தேன்.

பேர் வைத்தது

முதல் நாளே தடுக்கியது சொல்தான். ஆங்கிலத்தில் மண்புழுவுக்கு ஒரு சொல், வண்ணத்துப்பூச்சியாக மாறும் புழுவுக்கு வேறு சொல். தமிழில் 'கம்பளிப்பூச்சி' என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உடம்பு அரிக்கும். மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் அப்பிக்கிடப்பதையும், பெரியவர்கள் பந்தம் கொளுத்திக் கருக்குவதையும் பார்த்தவர்கள் அவர்கள். அதனால் 'புழு' என்றே வாசித்தேன். மூன்றாவது நாள் ஒரு பையன் சனிக்கிழமைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "யம்மா, இது தின்னிமாடன்லா!" என்றான். அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்று வரைக்கும் போகவில்லை.

அந்தப் பெயரை நான் ரசித்தேன். சோற்றுக்கு அலைகிற ஆளை எங்கள் பக்கம் தின்னிமாடன் என்பார்கள். திட்டுதான், ஆனால் அதில் ஒரு செல்லமும் உண்டு. வில்லுப்பாட்டில் சுடலைமாடன் கதையும் பசி தாங்காத ஒரு பிள்ளையில்தான் தொடங்குகிறது. நிறையத் தின்கிறவன் மேல் இந்த மண்ணுக்குக் கோபம் கிடையாது, படைத்துவிட்டுக் கும்பிடும். புத்தகமும் புழுவைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. தின்றது, வலித்தது, தேறியது, அவ்வளவுதான். 'அளவாகச் சாப்பிடு' என்று யாரும் வந்து நிற்பதில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேச்சு வாங்குகிற நாலு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

புழு பிறந்த விதம்

எரிக் கார்ல் 1929இல் அமெரிக்காவின் சிரகியூஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பா சின்னப் பையனைக் காட்டுவழியே கூட்டிப்போய், கல்லைப் புரட்டியும் மரப்பட்டையை உரித்தும் உள்ளே ஊர்கிற உயிர்களைக் காட்டுவாராம். பார்த்து முடித்ததும் அவற்றைப் பத்திரமாக அதே இடத்தில் திரும்ப விட்டுவிடுவாராம். அம்மாவுக்குச் சொந்த ஊர் ஏக்கம். அதனால் 1935இல் குடும்பமே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பியது. ஹிட்லரின் ஆட்சி நடந்த காலம் அது. அமெரிக்காவில் பெரிய தாளும் வண்ணமும் கொடுத்த பள்ளியில் இருந்து வந்த ஆறு வயதுப் பையன், புதுப் பள்ளியில் கையில் பிரம்படி வாங்கினான்.

பிறகு போர். அப்பா ராணுவத்துக்கு இழுக்கப்பட்டு சோவியத் படையிடம் சிறைப்பட்டார். 1947இல்தான் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். மகன் 15 வயதில் பதுங்குகுழி வெட்ட அனுப்பப்பட்டான். குண்டுவீச்சுக்கு மறைக்க வீடுகளுக்கெல்லாம் சாம்பலும் பழுப்பும் பூசிய ஊரில் வளர்ந்ததால்தான் தனக்குப் பளிச்சென்ற நிறங்கள் மேல் அவ்வளவு ஆசை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நாஜிகள் தடை செய்திருந்த ஓவியங்களின் அச்சுப் படிகளை, ஃபிரிட்ஸ் கிராவ்ஸ் என்ற ஓவிய ஆசிரியர் அந்தப் பையனைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு ரகசியமாகக் காட்டினார். பிடிபட்டால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1952இல் கையில் 40 டாலரோடு நியூயார்க் வந்தார் கார்ல். ஓவியர் லியோ லியோனியின் உதவியில் செய்தித்தாளில் வடிவமைப்பு வேலை, பிறகு விளம்பர வேலை. ஒரு விளம்பரத்துக்கு அவர் வரைந்த சிவப்புக் கடல்நண்டைப் பார்த்து எழுத்தாளர் பில் மார்ட்டின் தேடிவந்தார். அப்படித்தான் 1967இல் கார்ல் குழந்தைகளுக்கு வரையத் தொடங்கினார்.

ஒரு நாள் தாள்கட்டு ஒன்றைப் பஞ்ச் கருவியால் குத்திக்கொண்டிருந்தாராம். ஓட்டைகளைப் பார்த்ததும் ஏடு அரிக்கும் புழு ஞாபகம் வந்தது. வில்லி என்ற பச்சைப் புழுவின் ஒரு வாரக் கதை பிறந்தது. பதிப்பாசிரியர் ஆன் பெனிடூஸுக்கு அந்தப் புழு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இலைப்புழுவாக வைத்தால் என்ன என்று கேட்டார். "வண்ணத்துப்பூச்சி!" என்றார் கார்ல். கதையின் முடிவு அந்த ஒரு நொடியில் கிடைத்துவிட்டது. ஓட்டை போட்டு, பழப் பக்கங்களை ஒவ்வோர் அகலத்தில் வெட்டிக் கட்டுப்படியாகும் விலைக்கு அச்சடிக்க அமெரிக்காவில் ஆள் கிடைக்கவில்லை. பெனிடூஸ் ஜப்பானில் ஒரு அச்சகத்தைப் பிடித்தார். இந்தப் பெண்மணிக்குப் புழு மேல் பாதி உரிமை உண்டு என்பது என் எண்ணம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வயிற்றுவலிப் பக்கத்தைச் சேர்க்கவே மாட்டேன் என்று கார்ல் பதிப்பாளரோடு சண்டை போட்டதாக ஒரு பேட்டி சுற்றுகிறது. அது 2015இல் முட்டாள்கள் தினத்துக்காக ஓர் இலக்கிய இதழ் கற்பனையாக எழுதியது. 2021 மே மாதம் அவர் 91 வயதில் இறந்தபோது பெரிய ஊடகங்களே அதை உண்மை என்று நம்பிப் போட்டுவிட்டுத் திருத்தம் வெளியிட்டன. நானும் அதை நம்பி எதிர்த் திண்ணை அம்மாக்களிடம் சொல்லியிருந்தேன். அடுத்த நாள் போய்த் திருத்திச் சொன்னேன்.

விரல்

என் குறிப்பேட்டில் முதல் இரண்டு வாரமும் ஒரே சங்கதிதான் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் விரலை விட்டார்கள். ஆப்பிள் ஓட்டையில் சுண்டுவிரல், அடுத்ததில் ஆள்காட்டி விரல். விரலை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் நீட்டி, "புழு வந்துட்டு" என்று ஆட்டினார்கள். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கதையைக் கேட்கவே இல்லை. வரிசையில் இடித்துப் பிடித்து முன்னால் வந்து, பதினைந்து பழத்திலும் விரல் விட்டு எடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். இரண்டு மாதம் இப்படியே போனது. மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் விரல் விட்டுக்கொண்டே, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள். அவளுக்கு அதற்கு முன் எண்ணத் தெரியாது.

பொம்மையாகப் பாதி, புத்தகமாகப் பாதி இருக்கும்படிதான் தன் புத்தகங்களைச் செய்வதாகக் கார்ல் சொல்வார். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இடையில் ஒரு பாலம் வேண்டும் என்பது அவர் நினைப்பு. கையில் பிரம்படி வாங்கிய பையன் வளர்ந்து, பிள்ளைகள் கை நுழைய வழி வைத்து ஒரு புத்தகம் செய்திருக்கிறான். இந்தப் புழு இத்தனை வருடம் நிலைத்ததற்கு எல்லோரும் பல காரணம் சொல்வார்கள்: வண்ணம், நம்பிக்கை, மாற்றம் என்று. நான் பார்த்த அளவில் முதல் காரணம் அந்த ஓட்டைதான். மற்றதெல்லாம் விரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவை.

நமக்கு இது புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்துத்தான் 'அ' எழுதவைத்தார்கள். விஜயதசமிக்கு ஏடு தொடங்கும்போது இன்றும் தாம்பாளத்து அரிசியில் விரல்தான் எழுதுகிறது. நம் முன்னோர் எழுத்தைக் கண் வழியே விடவில்லை, கை வழியே விட்டார்கள். அதே திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நாம் "புத்தகத்தத் தொடாத, கிழிஞ்சிரும்" என்கிறோம்.

நான் செய்த உள்ளூர்ப் புழு

இரண்டாம் மாதம் எனக்கு ஓர் ஆசை வந்தது. தெரியாத பழம் எதற்கு? காலண்டர் அட்டைகளை வெட்டி நானே ஒரு புழுக் கதை செய்தேன். திங்கள் ஒரு நுங்கு, செவ்வாய் இரண்டு கொய்யா, புதன் மூன்று சப்போட்டா, வியாழன் நான்கு நெல்லிக்காய், வெள்ளி ஐந்து எலுமிச்சை. சனிக்கிழமைக்கு அல்வா, முறுக்கு, கடலை மிட்டாய், பனங்கிழங்கு என்று அடுக்கினேன். இரண்டு இரவு உட்கார்ந்து செய்த வேலை.

ஒரே ஒரு தடவை கேட்டார்கள். முழுக்கவும் குற்றம் கண்டுபிடித்தார்கள். "நுங்குல ஓட்ட போட்டா தண்ணி போயிரும்லா." "எலுமிச்சம்பழத்தப் புழு எங்கன திங்கும்? எலையத்தான் திங்கும்." பனங்கிழங்கை அவிக்காமல் தின்னலாமா என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். மறுநாள் பழைய புத்தகத்தைத்தான் எடுக்கச் சொன்னார்கள்.

எனக்கு வருத்தம்தான். ஆனால் எழுதிவைத்ததைத் திரும்பப் படித்தபோது புரிந்தது. தெரிந்த பண்டத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் விவரம் தெரிந்தவர்களாகிச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டார்கள், கதைக்குள் போகவில்லை. தெரியாத பண்டம் அவர்களுக்கு வாயில் உருட்டுகிற சொல்லாக இருந்தது. "சலாமி, சலாமி" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். அமெரிக்கப் பிள்ளை மட்டும் சலாமி தின்கிற புழுவைப் பார்த்திருக்குமா என்ன? அந்தச் சனிக்கிழமை எந்த நாட்டிலும் நடக்காத சனிக்கிழமை. அதனால்தான் அது எல்லா நாட்டுக்கும் பொருந்துகிறது. குழந்தைப் புத்தகத்தை நம் ஊருக்குக் கொண்டுவருவது என்றால் பழத்தை மாற்றுவது என்று நினைத்தேன். அந்த வேலையைப் பிள்ளைகள் என்னைக் கேட்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.

பத்துப் பண்டத்தில் ஒன்று ஊறுகாய். அங்கே அது முழு வெள்ளரிக்காயாக ஊறவைத்துக் கடித்துத் தின்பது. எங்கள் திண்ணையில் அதுதான் பெரிய விவாதமானது. "ஊறுகாய மட்டுமா தின்னுச்சு? சோறு இல்லாமலா? வயிறு வலிக்கத்தான செய்யும்!" கேக், ஐஸ்கிரீம், இறைச்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊறுகாய் மேல் பழி போட்டார்கள். வலிக்கு மருந்தும் சொன்னார்கள். "எங்க ஆச்சின்னா ஓமத்தண்ணி குடுப்பாவ." அடுத்த வாசிப்பிலிருந்து அந்தப் பக்கம் வந்ததும் யாராவது ஒருவர் உள்ளங்கையைக் குழித்துப் புழுவின் வாயில் ஓமத்தண்ணி ஊற்றியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்குக் கடுமையான எதிர்ப்பு இருந்தது. "ஞாயித்துக்கெழமதான கறி எடுப்பாவ? இது என்னத்துக்கு எலையத் திங்குது?" ஆறு வயதுக்காரனின் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் ஐப்பசியில் தோட்டத்திலிருந்து வந்தது.

தோட்டத்துப் புழு

இரண்டாவது வாரத்திலேயே ஒரு சிறுமி சொல்லியிருந்தாள்: "இந்தப் புழு வந்தா எங்க அப்பா மருந்து அடிப்பாவ." திண்ணை அமைதியாகிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். இந்த ஐந்து மாதத்தில் நான் செய்த பெரிய பிழை அதுதான். எலுமிச்சையால் அடுப்பு எரிகிற ஊரில் அந்தப் பிள்ளை தன் வீட்டு உண்மையைக் கொண்டுவந்து வைத்தாள், நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

மழை தொடங்கியதும் அவள் அப்பாவே வந்தார். கையில் பையோடு ஓர் எலுமிச்சை நாற்று, அதில் இரண்டு புழுக்கள். "பிள்ள தெனமும் இதையே பேசுதா. பெரிய மரத்துல இருந்தா பாதகமில்ல டீச்சர். நாத்துல ஏறிட்டுன்னா ரெண்டு நாள்ல குச்சிதான் மிஞ்சும். கொஞ்சமா இருந்தா கையாலயே பெறக்கிருவோம். இது பெறக்குனது. பிள்ளைகளுக்கு வச்சுக்கிடுங்க" என்றார். அன்று அந்தச் சிறுமியைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளையே சொல்லச் சொன்னேன். அப்பா ஏன் மருந்து அடிக்கிறார், எந்த மாதம் தளிர் வரும், எந்த இலையில் முட்டை இருக்கும் என்று எல்லாம் சொன்னாள். மற்றவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள்.

அது எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது காக்கை எச்சம் போலவே இருக்கும். பறவை ஏமாந்து விட்டுப்போகும். வளர்ந்ததும் பச்சை. விரலால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கவடாக ஆரஞ்சு நிறக் கொம்பு நீட்டி ஒரு நெடி அடிக்கும். பிள்ளைகள் சீண்டினார்கள், அலறினார்கள், மறுபடி சீண்டினார்கள். பிறகு புத்தகத்துப் புழுவுக்கு ஏன் கொம்பு இல்லை என்று கோபித்துக்கொண்டார்கள்.

இந்தப் புழு எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் போன்ற ஒரே குடும்பத்து இலைகளைத்தான் தின்னும். முருங்கை இலையையும் கொய்யா இலையையும் வைத்துப் பார்த்தார்கள். தொடவில்லை. ஒரு சின்ன ஆப்பிள் துண்டைக்கூட யாரோ வைத்திருந்தார்கள். தொடவில்லை. அப்போது அந்த ஆறு வயதுக்காரன் சொன்னான்: "எலைதான் அதுக்குச் சோறு. வயிறு சரியில்லேன்னா நமக்கும் கஞ்சிதான தருவாவ." ஞாயிற்றுக்கிழமை இலையின் கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது. கறி நாளில் புழுவுக்குக் கஞ்சி.

ஒரு வாரத்துக்குள் இரண்டும் தின்பதை நிறுத்திக் காம்பில் சாய்ந்து, இடுப்பில் ஒரு நூலைச் சுற்றிக்கொண்டு தோலை உரித்தன. பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தது. புத்தகத்தில் புழு கூடு கட்டி உள்ளே போய்விடுகிறது, இங்கே கூடே இல்லை. "இது கூட்டுக்குள்ள போகல எக்கா. இதுவே கூடாயிட்டு." சரியாகச் சொன்னாள். பட்டுப்புழு போன்றவைதான் நூலால் கூடு பின்னும். பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் தோலுரித்துத் தாமே கூட்டுப்புழுவாகும். கார்லிடமும் இதைக் கேட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் கூச்சத்தோடு ஒதுங்கி இருக்கும்போது, 'கூட்டை விட்டு வெளியே வா' என்று அப்பா கூப்பிடுவாராம். அந்தச் சொல்லை விட மனமில்லை, இங்கே அறிவியலைக் கவிதை வென்றுவிட்டது என்று பதில் சொல்லியிருக்கிறார். இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒருத்தி கேட்டாள்: "கல்லப் பொரட்டிப் பூச்சி காமிச்ச அப்பாவா?" ஆமாம் என்றேன். "அப்படின்னா கூடுன்னே இருக்கட்டும்" என்றாள்.

பதினோராம் நாள் விடிகாலையில் ஒன்று வெடித்தது. வந்தது புத்தகத்தில் இருப்பது போன்ற பல நிறப் பூச்சி இல்லை. கறுப்பில் வெளிர்மஞ்சள் புள்ளிகள், கீழ்ச்சிறகின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. சுருங்கிய சிறகோடு ஈரமாகத் தொங்கியது. பால்வாடிக்குப் போகிற வழியில் நான்கு பேர் பையோடு நின்று பார்த்தார்கள். சிறகு விரிந்து காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒருவரும் தொடவில்லை. எல்லாவற்றிலும் விரல் விடுகிற அந்த நான்கு வயதுக்காரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அது பறந்து கூரை தாண்டிப் போனதும், "எங்க தோட்டத்துக்குத்தான் போகுது" என்றாள் நாற்றுக்காரச் சிறுமி. அப்பாவிடம் சொல்லாதே என்றான் ஒருவன்.

இரண்டாவது கூட்டுப்புழு நாளாக ஆகப் பழுப்பாகிக்கொண்டே போனது. பதினைந்து நாள் தாண்டியும் வெடிக்கவில்லை. ஒரு மத்தியானம் அதன் முதுகில் ஊசியால் குத்தியது போல ஒரு துளை. அதிலிருந்து எறும்பை விடச் சின்னதாக மினுமினுத்த குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. புழு தோலுரித்து இன்னும் இறுகாமல் இருந்த நேரத்தில் தாய்க்குளவி அதற்குள் முட்டை வைத்திருக்கும். குஞ்சுகள் உள்ளே இருந்ததைத் தின்று வளர்ந்திருக்கும். மறைக்காமல் சொன்னேன். இரண்டு பேர் அழுதார்கள். ஒருவன் வெகுநேரம் அந்தத் துளையையே பார்த்தான். பிறகு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து ஆப்பிள் பக்கத்தை விரித்து, அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"இவனும் தின்னிமாடன்தான எக்கா?" என்றான்.